மல்லேஸ்வரத்து வண்டலும் ராடார் கருவியும்

பெங்களூர் மாநகரின் வடமேற்குப் பகுதியாகிய மல்லேஸ்வரத்தில், காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே, தெருவின் மட்டத்துக்குக் கீழே படிகளில் இறங்கிச் சென்றால் ஒரு குளமும் ஒரு நந்தியும் காணப்படும். நந்தியின் வாயினின்று வழியும் நீர் கீழே உள்ள லிங்கத்தின் மீது விழுந்து, அங்கிருந்து குளத்தை அடைகிறது. தென்முக நந்தி தீர்த்தம் எனப்படும் இவ்விடம் 1997-ஆம் ஆண்டு வரையில் மண்ணுக்குள் மறைந்து கிடந்தது. அவ்வாண்டில் அந்நிலத்தைத் தோண்டியபோதுதான் கல்மண்டபமும் குளமும் நந்தியும் வெளிப்பட்டன. மக்கள் நெருங்கி வாழும் ஒரு பேட்டையின் நடுவில், ஒரு கோயில் முழுவதும் வண்டலுக்கு அடியில் இருந்ததென்பது வியப்புக்குரிய செய்தியே.

இத்தீர்த்தத்தைப் பற்றி எழுதப்பட்டும் பேசப்பட்டும் வருவனவற்றில் நந்தியின் அழகு கூறப்படுகிறது; நீர் எங்கிருந்து வருகிறதென்ற ஐயம் கூறப்படுகிறது; கோயிலின் தொன்மை கூறப்படுகிறது. ஆனால் இவற்றை மூடியிருந்த மண் எத்தகையது, எத்தனை அடுக்குகளாகப் படிந்திருந்தது, அவ்வடுக்குகளில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்பன பேசப்படுவதில்லை. கோயில் ஏழாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பார் உளர். நானூறு ஆண்டுகளுக்கு மேல் இராது என்பாரும் உளர். எதிரே உள்ள காடு மல்லேஸ்வரர் கோயிலைப் பொறுத்தவரையில் ஓர் உறுதியான சான்று உண்டு. பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜி, 1669-இல் மல்லபுரத்து மல்லிகார்ஜுனருக்கு மேதரநிங்கனஹள்ளி என்னும் ஊரைக் கொடையாக அளித்ததைக் கூறும் கல்வெட்டு அது. ஆகவே 17-ஆம் நூற்றாண்டில் இங்கு வழிபாடு இருந்தமை தெளிவு. அதற்கு முந்திய காலத்துக்குச் சான்று தேடுவோர் கல்லை விட்டு மண்ணிடம் செல்லவேண்டும்.

மண் எவ்வாறு சாட்சி சொல்லும் என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரு கட்டடத்தை மூடியிருக்கும் வண்டல், அது கட்டப்பட்ட காலத்தைச் சொல்லாது. மூடத் தொடங்கிய காலத்தையே சொல்லும். அடித்தளத்துக்குக் கீழே உள்ள மண்ணோ, கட்டடம் எழுவதற்கு முந்திய காலத்தைச் சொல்லும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் கட்டடத்தின் காலம் அகப்படும். வண்டலின் கனத்தை மட்டும் கொண்டு ஆண்டைக் கணக்கிடுவது பிழை. ஒரே இரவில் பெய்யும் பெருமழை அரை மீட்டர் மண்ணைக் கொண்டுவந்து கொட்டக்கூடும். ஒரு நூற்றாண்டு முழுவதும் விரற்கடை அளவு மண்ணே படிதலும் கூடும். எந்த அடுக்கு ஒரு வெள்ளத்தில் வந்தது, எந்த அடுக்கு அமைதியாகத் தேங்கிய நீரில் படிந்தது என்பதை அடுக்கின் வடிவத்தைக் கண்டே அறிய இயலும். ஒருமுறை வாரி எடுத்து லாரியில் ஏற்றிய பிறகு அவ்வடிவம் திரும்பக் கிட்டாது.

இங்குதான் நிலத்துள் நோக்கும் ராடார் கருவியைப் பற்றிய பேச்சு எழுகிறது. தோண்டாமலே மண்ணடுக்குகளின் வடிவத்தைக் காட்டுவது அதன் தொழில். இக்கருவியை இந்நாட்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பரவலாகப் பயன்படுத்த வேண்டுமென்பது வரவேற்கத்தக்க கருத்து. எனினும் அதன் பெயரால் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றி வருகின்றன. அது எக்ஸ்-ரே போன்று நிலத்தடியில் உள்ள யாவற்றையும் படம் பிடித்துவிடும் என்பது ஒன்று. களிமண் நாட்டில் அது விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளே என்பது மற்றொன்று. இரண்டையும் விலக்கி, கருவியை அதற்குரிய இடத்தில் வைப்பதே களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் பயன் தரும்.

கருவியின் தத்துவம் எளியது. நிலத்தின்மேல் இழுத்துச் செல்லப்படும் ஓர் ஏரியல், மிகக் குறுகிய மின்காந்த அலைத்துடிப்புகளை மண்ணுக்குள் செலுத்துகிறது. மண்ணின் தன்மை மாறும் ஒவ்வோர் எல்லையிலும் அலையின் ஒரு பகுதி எதிரொளித்துத் திரும்புகிறது. மற்றோர் ஏரியல் அதனைப் பெற்று, புறப்பட்டதற்கும் திரும்பியதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் குறிக்கிறது. கருவி அளப்பது நேரத்தையே, ஆழத்தை அன்று. நேரத்தை ஆழமாக மாற்றுவதற்கு, அம்மண்ணில் அலை எவ்வளவு வேகத்தில் சென்றது என்பது தெரியவேண்டும். பிழைகளிற் பெரும்பாலானவை நுழையும் வாயில் இதுவே.

வெற்று வெளியில் மின்காந்த அலை ஒரு நானோ வினாடியில் 30 செ.மீ. செல்லும். ஒரு பொருளினுள் அதன் வேகம், அப்பொருளின் ஒப்புமை விடுதிறனின் வர்க்கமூலத்தால் வகுபட்டுக் குறையும். உலர்ந்த மணலின் ஒப்புமை விடுதிறன் ஏறக்குறைய 4. ஆகவே அலையின் வேகம் 15 செ.மீ. ஆகிறது. நீரில் ஊறிய மணலுக்கு அது 25 அளவில் இருப்பதால் வேகம் 6 செ.மீ.க்குக் குறைகிறது. தூய நீரின் விடுதிறன் 80 ஆதலால், மண்ணில் எவ்வளவு நீர் கலந்துள்ளது என்பதே வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஓர் எதிரொளி 40 நானோ வினாடியில் திரும்பியதாகக் கொள்வோமாயின், போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்ததே அந்நேரம் என்பதை நினைவிற்கொண்டு பாதியாக்க வேண்டும். உலர்ந்த மணலில் அவ்வெல்லை 3 மீட்டர் ஆழத்தில் உள்ளது. ஊறிய மணலிலோ 1.2 மீட்டரில் உள்ளது. கோடையில் எடுத்த படத்தையும் மழைக்குப் பின் எடுத்த படத்தையும் ஒரே வேகத்தைக் கொண்டு படித்தால், அசையாத அடுக்கு கீழிறங்கிவிட்டதாகத் தோன்றும். இக்கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவனும் செய்ய முடியும். செய்யாமல் விட்டுவிடுவோர் அறிக்கை எழுதுவோரிலும் உண்டு.

அதிர்வெண்ணைத் தேர்வதும் ஒரு பேரமே. குறைந்த அதிர்வெண் ஆழத்துக்குச் செல்லும், நுணுக்கம் காட்டாது. மிகுந்த அதிர்வெண் நுணுக்கம் காட்டும், விரைவில் தேய்ந்துவிடும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் உலர்ந்த மணலில் 1.5 மீட்டர். அலைநீளத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மெல்லிய அடுக்குகளைப் பிரித்துக் காண்பது அரிது என்பது பொது விதி. ஆகவே அங்கு 37 செ.மீ.க்குக் குறைந்த அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து தோன்றும். 400 மெகாஹெர்ட்ஸ் கருவி அதே மணலில் பத்து செ.மீ. அளவுள்ள அடுக்குகளையும் பிரித்துக் காட்டும். ஆனால் அதன் ஆழம் சில மீட்டர்களோடு நின்றுவிடும்.

ஆற்று வண்டலைப் பொறுத்தவரையில் இக்கருவி காட்டும் வடிவங்கள் படிப்பறிவு உள்ளவர்க்கு எழுத்துப் போன்றவை. பழைய ஆற்றுப்படுகை, கிண்ணத்தைப் போல நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயர்ந்த எல்லையாகத் தோன்றும். ஆறு வளைந்து செல்லும்போது வளைவின் உட்புறத்தில் மணல் திட்டுச் சேரும். ஆறு நகர நகரத் திட்டும் அதனைத் தொடர்ந்து நகரும். அவ்வளர்ச்சி ஓட்டு வரிசையைப் போலச் சாய்ந்த அடுக்குகளாகப் பதிந்திருக்கும். அச்சாய்வின் திசையிலிருந்து ஆறு எப்பக்கம் விலகிச் சென்றது என்பதைக் கூறலாம். வெள்ளச் சமவெளியின் மண் கிடைமட்டமான மெல்லிய கோடுகளாகத் தெரியும். கைவிடப்பட்ட படுகையில் தேங்கிய களிமண் அலையை உறிஞ்சிவிடுவதால் படத்தில் எதுவும் தெரியாத வெற்றிடம் தோன்றும். அவ்வெற்றிடத்தின் எல்லைகள் கிண்ண வடிவில் இருப்பின், ஒன்றும் தெரியாமையே ஒரு செய்தியாகிறது.

மல்லேஸ்வரத்துக்குத் திரும்புவோம். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், இரண்டு ஆற்று நிலங்களைப் பிரிக்கும் முதுகின்மேல் அமைந்த நகரம். அதன் ஒரு பக்கத்து நீர் தென்பெண்ணைக்குச் சென்று, கிருஷ்ணகிரியையும் சாத்தனூரையும் கடந்து கடலூர் அருகே கடலை அடைகிறது. மற்றொரு பக்கத்து நீர் விருஷபாவதியாகி, அர்க்காவதியிற் கலந்து காவிரியைச் சேர்கிறது. விருஷபம் என்பது எருது; நந்தியின் பாதத்தில் ஊறுவதால் ஆறு அப்பெயர் பெற்றது என்பர். ஆற்றின் பிறப்பிடம் பசவனகுடிப் பெரிய நந்தியின் அடி என்பது ஒரு வழக்கு. மல்லேஸ்வரத்து நந்தி தீர்த்தம் என்பது மற்றொரு வழக்கு. ஆறுகளின் தலைப்பகுதியில் இத்தகைய பல ஊற்றுகள் இருப்பது இயல்பே யாதலின், இவ்வழக்கில் தோற்பவர் எவரும் இலர்.

நந்தியின் வாயில் வற்றாது வரும் நீர் மறைபொருளாகப் பேசப்படுவது தேவையற்றது. பெங்களூரின் அடியில் உள்ளது மிகத் தொன்மையான நைஸ் பாறை. லால்பாக் தோட்டத்துப் பாறைக்கு ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயது மதிக்கப்படுகிறது. இப்பாறையின் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து, கடற்பஞ்சு போல மழைநீரைப் பிடித்து வைக்கும் ஒரு படலமாக மாறியுள்ளது. கீழே உறுதியான பாறை இருப்பதால் அந்நீர் மேலும் இறங்க இயலாமல் சரிவை நோக்கி மெல்ல நகர்கிறது. நில மட்டம் தாழ்ந்து நீர்மட்டத்தைத் தொடும் இடத்தில் அது ஊற்றாக வெளிப்படுகிறது. கோயில் கட்டியவர்கள் அவ்விடத்தைக் கண்டறிந்து கல்லால் வழி அமைத்தனர். அவர்களுடைய நிலவியல் அறிவைப் போற்றுவது, அதனை அதிசயமென்று தள்ளிவைப்பதிலும் மேலான மரியாதையாகும்.

இனி இங்கு ராடார் எவ்வளவு பயன்படும்? இவ்விடத்தில் மிகைப்படக் கூறுதல் ஆகாது. கங்கைச் சமவெளியில் உள்ளது போன்ற நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ள வண்டல் பெங்களூரில் இல்லை. ஆற்றின் தலைப்பகுதியாதலால் பள்ளத்தாக்கின் அடியில் சிறிய கனத்திலேயே மண் சேர்ந்துள்ளது. மேட்டிலுள்ள செம்மண் களி கலந்தது. அதில் அலை ஓரிரு மீட்டரிலேயே தேய்ந்துவிடக்கூடும். போதாக்குறைக்குக் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி ஆகியவை யாவும் தத்தம் எதிரொளிகளை அனுப்பி உண்மையான அடுக்கை மறைக்கும். ஒரு குழாய் படத்தில் கவிழ்த்த வில்லைப் போலத் தோன்றும்; கருவி குழாய்க்கு நேர்மேலே வருவதற்கு முன்பே அலை சாய்வாகச் சென்று திரும்புவதால் இவ்வாறு நேர்கிறது. (இவ்வில்லின் அகலத்தைக் கொண்டு அம்மண்ணில் அலையின் வேகத்தைக் கணக்கிடலாம், ஆக, தொல்லையாகத் தோன்றும் குழாயும் ஓர் அளவுகோலாகிறது.) இவ்வளவு இடையூறுகளுக்கு நடுவிலும் கோயில் வெளிகள், பள்ளி மைதானங்கள், பூங்காக்கள், ஏரிக்கரைகள் ஆகிய இடங்கள் எஞ்சியுள்ளன. மூன்று நான்கு மீட்டர் ஆழத்துக்குள் உள்ள புதைந்த வாய்க்கால், படித்துறை, மணல் அடுக்கு ஆகியவற்றை மார்ச், ஏப்ரல் மாதங்களின் உலர்ந்த நிலத்தில் தேடுவது நியாயமான முயற்சியே.

உலகில் இம்முயற்சி எங்கெங்கு வென்றது என்பதைப் பார்த்தால், வெற்றிக்கு உரிய நிலம் எது என்பது விளங்கும். நிலத்துக்குள் அலை செலுத்தும் எண்ணம் புதிதன்று. ஜெர்மனியில் லைம்பாக், லேவி ஆகிய இருவர் 1910-இலேயே அதற்கு உரிமம் கோரினர். 1929-இல் ஆஸ்திரிய நாட்டுப் பனியாறு ஒன்றின் கனம் இவ்வாறு அளக்கப்பட்டது. 1981 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் சென்ற ராடார், எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் பரந்த மணற்பரப்பின் கீழே, இன்று ஒரு துளி நீரும் ஓடாத இடத்தில், அகன்ற ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மறைந்திருப்பதைக் காட்டியது. அம்மணல் முற்றிலும் உலர்ந்தது. 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளின் ஜெசரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, தன்னுடன் ஒரு நிலத்துள் நோக்கும் ராடாரை எடுத்துச் சென்றது. அது காட்டிய கிடைமட்ட அடுக்குகள் ஏரியில் படிந்த வண்டலே என்று 2024 ஜனவரியில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். செவ்வாயின் மண்ணும் உலர்ந்ததே. இந்த இரு வெற்றிகளையும் எடுத்துக்காட்டி, மழை மிகுந்த களிமண் நாட்டில் அதே விளைவை எதிர்பார்ப்பது ஏமாற்றத்துக்கு அடிகோலும்.

இந்நாட்டில் உலர்ந்த மணல் வேண்டுவோர் காவிரிக் கரைக்குச் செல்லலாம். மைசூருக்குக் கிழக்கே காவிரி வளைந்து செல்லும் தலைக்காடு, சோழர் ஆட்சியில் ராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற நகரம். அதன் கோயில்கள் பல மணல்மேடுகளின் அடியில் மறைந்துள்ளன. மணல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் அரசியின் சாபத்தைக் காரணமாக மக்கள் கூறுவர். 14-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையினால் நீரோட்டம் குறைந்து, வெளிப்பட்ட ஆற்று மணலைக் காற்று வாரிக்கொண்டு வந்தது என்ற விளக்கத்தை கே.என். கணேசய்யா 2007-இல் 'கரண்ட் ஸயன்ஸ்' இதழில் முன்வைத்தார். காற்று கொணர்ந்த மணலும் நீர் கொணர்ந்த மணலும் படியும் வகையில் வேறுபட்டவை. மணல்மேட்டின் சாய்ந்த அடுக்குகளையும் அவற்றின் கீழே உள்ள ஆற்றுப்படுகையின் எல்லையையும் பிரித்துக் காண்பதற்கு ராடாரைவிட ஏற்ற கருவி இல்லை. பெங்களூரின் நிறுவனங்களுக்குத் தலைக்காடு அரைநாள் பயணத்தில் உள்ளது; கருவியைப் பழகுவதற்கு மல்லேஸ்வரத்தைவிட அதுவே முதற்பள்ளியாகத் தகும்.

மாறாக, ராடாரை எடுத்துச் செல்லவே கூடாத இடங்களும் உண்டு. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஒரு காலத்தில் இன்றைய போக்கை விட்டு வடகிழக்கே, கொற்றலையாற்றின் வழியாகக் கடலை அடைந்தது என்பது நிலவியலார் கருத்து. அப்பழைய ஆறுகள் விட்டுச்சென்ற மணற்படுகைகளிலேயே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய கிணற்றுத் தொகுதிகள் அமைக்கப்பட்டு, சென்னைக்குக் குடிநீர் தந்தன. அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் உட்புகுந்துவிட்டது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் ராடார் அலை அதில் உடனே அழிந்துபோகும். அங்கு மின்தடை அளவையே உரிய முறை. உப்புநீர் எங்கே தொடங்குகிறது என்பதை அது நேரே காட்டிவிடும். கருவி புதிது என்பதற்காக அதனை எங்கும் இழுத்துச் செல்வது, சுத்தியல் கிடைத்தவன் ஆணி தேடி அலைவதற்கு ஒப்பாகும்.

ராடாருடன் மண்ணையும் படித்தால் என்ன கிட்டும் என்பதற்குக் கீழடி நல்ல சான்று. வைகைக்கு அருகில் உள்ள அவ்வூரில் 2014-15-இல் தொடங்கிய அகழாய்வு செங்கற் கட்டடங்களை வெளிப்படுத்தியது. பின்னர் அப்பகுதியில் தோண்டும் இடத்தைத் தேர்வதற்கு ராடாரும் காந்த அளவையும் பயன்பட்டன. ஆனால் அவ்வூர் எப்போது மூடப்பட்டது என்ற வினாவுக்கு விடை கூறியது ராடார் அன்று. குழியின் சுவரில் விடப்பட்டிருந்த வண்டலே. அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தாரும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரும் அவ்வண்டலின் மணல்துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டன என்பதை, ஒளியால் தூண்டி அவை விடும் ஒளிர்வைக் கொண்டு கணக்கிட்டனர். ஏறக்குறைய 1,150 ஆண்டுகளுக்கு முன் வைகையின் வெள்ளம் அக்கட்டடங்களை மூடியது என்று 2025-இல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது. குழியின் சுவரில் அடுக்குகளைக் கலைக்காமல் விட்டுவைத்ததன் பயன் இது. நந்தி தீர்த்தத்தின் ஓரத்திலும், தோண்டப்படாத பக்கங்களில், அதே போன்ற மண் இன்னும் இருக்கக்கூடும். அதனைத் தேடுவதே மல்லேஸ்வரத்தில் ராடாருக்குரிய முதல் வேலை. கலையாத அடுக்கு எங்கே உள்ளது என்பதை அது காட்டினால், ஒரு சிறு துளையிட்டு, வெயில் படாத குழாயில் மண்ணை எடுத்து, மேலே கூறிய இரண்டு எல்லைகளையும் அளந்துவிடலாம். ஏழாயிரமா நானூறா என்ற வாதத்துக்கு இடமிராது.

இது பழமையைப் பற்றிய ஆர்வத்தோடு நிற்கும் செய்தியன்று. பெங்களூரின் இன்றைய பஸ் நிலையம் உள்ள இடத்தில் முன்பு தர்மாம்புதி ஏரி இருந்தது. மல்லேஸ்வரத்தை அடுத்து 1882-இல் கட்டப்பட்ட ஸாங்கி ஏரி இன்னும் உள்ளது. அதனோடு ஒத்த ஏரிகள் பல மைதானங்களாகவும் மனைகளாகவும் மாறிவிட்டன. ஏரியைத் தூர்த்தாலும் அதன் அடியில் படிந்த சேறு அங்கேயே இருக்கும். பள்ளத்தாக்கின் தாழ்வும் அங்கேயே இருக்கும். 2022 செப்டம்பரில் நகரின் கிழக்குப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது நீர் தன் பழைய வழிகளையே நாடியது. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அதே நகரில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிக் குடிநீருக்குத் தவிப்பு உண்டாயிற்று. வெள்ளத்தின்போது நீர் எங்கே செல்லும், கோடையில் நீர் எங்கே தங்கியிருக்கும் என்ற இரு வினாக்களுக்கும் புதைந்த வாய்க்கால்களின் படமே விடையின் பெரும்பகுதி. தமிழ்நாட்டு ஆறுகளிலோ நிலைமை இதனினும் அவசரமானது. நீரைத் தாங்கிநிற்கும் பழைய மணற்படுகை எது என்று வரையறுக்கப்படும் முன்பே மணல் லாரிகளில் ஏறிவிடுகிறது. மணல் போனபின் அங்கு அளப்பதற்கு எதுவும் இராது.

எனவே களப் பணியாளர்களிடம் எதிர்பார்க்கப்படுவது கருவியை வாங்குவதோடு முடியாது. ராடார் கோடு ஒன்று போடும் இடத்தில் குறைந்தது ஒரு துளையோ, ஒரு கிணற்றின் வெட்டுமுகமோ அதனோடு ஒப்பிடப்பட வேண்டும். அவ்வொப்பீடு இல்லாத படத்தை அறிக்கையில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. வண்ணம் தீட்டிய படத்துக்கு அலுவலகங்களில் கிடைக்கும் மதிப்பு, அதன் உண்மையைவிட அதிகமாக இருந்துவிடுகிறது. எந்த மாதத்தில் அளவை எடுக்கப்பட்டது, முதல் நாள் மழை பெய்ததா, எந்த அதிர்வெண், என்ன வேகம் கொண்டு ஆழம் கணக்கிடப்பட்டது ஆகியவை படத்தின் ஓரத்திலேயே எழுதப்பட வேண்டும். கருவி பதிவுசெய்த மூலக் குறிப்பைச் செம்மைப்படுத்திய படத்தோடு சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும். இன்று குப்பையாகத் தோன்றும் எதிரொளி, பத்தாண்டு கழித்து வேறொருவர் கையில் பொருள் பெறலாம்.

இதனினும் மலிவான ஒரு வேலை உள்ளது. ஆழ்துளைக் கிணறு இடும்போது வெளிவரும் மண்ணும் பாறைப்பொடியும் தெருவோரத்தில் கொட்டப்பட்டு மழையில் கரைகின்றன. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பிடி எடுத்து, ஆழத்தை எழுதிச் சிறு பைகளில் இட்டு வைத்தால், அத்தெருவின் நிலத்தடி வரலாறு ஓர் அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். துளையிடும் கருவி மண்ணைக் கலக்கிவிடுவதால் மெல்லிய அடுக்குகள் இதில் தெரியமாட்டா. மணல் எந்த ஆழத்தில் தொடங்கியது, சிதைந்த பாறை எங்கே, உறுதியான பாறை எங்கே என்பன தெரியும். ராடார் படத்தை ஒப்பிட அதுவே போதும். ஒரு பள்ளியின் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்கு நான்கு ஐந்து கிணறுகள் இடப்படுகின்றன என்றால், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்துவிடலாம்.

வகுப்பறையில் தொடங்க விரும்புவோர், ஏரிக்கரை வண்டலில் ஒரு பிடியைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, மேசைமேல் அசையாமல் வைக்கலாம். பருமணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் இறங்கிவிடும். நுண்மணல் அதன்மேல் படியும். களி மறுநாள் வரையிலும் நீரைக் கலங்கலாக வைத்திருக்கும். அன்று மாலை மேலும் ஒரு பிடி மண்ணை அதே புட்டியில் மெல்லத் தூவினால், முதல் அடுக்கின்மேல் இரண்டாம் வெள்ளத்தின் அடுக்கு தெளிவாக அமையும். இரண்டு அடுக்குகளின் கனத்தையும் அளந்து, எது அதிக நேரத்தில் படிந்தது என்று மாணவரைக் கேட்கவேண்டும். கனமான அடுக்கைச் சுட்டிக்காட்டுவோரே பலராக இருப்பர்.